பீரங்கி அண்ணனின் யுத்தங்கள்

திருவொற்றியூரில் பீரங்கி அண்ணன் அளவுக்கு யுத்தம் செய்தவர் யாருமில்லை. ஒரு கொசுவைக்கூட அடிக்காமல் செய்தார் என்பதுதான் விசேஷம். நான் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த, இரும்பு வார்க்கும் பவுண்டரியின் தொழிற்சங்கச் செயலாளர் அவர். ஐந்தடி உயரம், மைக் தேவைப்படாத தொண்டை. ரேஷன் கடை வரிசை அவருக்கு முற்றுகை, தண்ணீர் லாரி வந்தால் படையெடுப்பு, மாமியார் வந்தால் ஊடுருவல். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பும் காலை வணக்கத்தில் பூ இருக்காது, வாள் இருக்கும். லீவு கேட்கப் போகிறவனிடம்கூட, பின்வாங்காதே என்று முதுகில் தட்டி அனுப்புவார்.

அடுத்தவர் உவமையையும் சும்மா விடமாட்டார். போனஸ் கூட்டத்தில் மேனேஜர், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று உருகினார்.

"குடும்பம்னா சொத்துல எங்களுக்கும் பங்கு கீதா, சார்?" என்றார் அண்ணன்.

மறு வருஷம் மேனேஜர் உஷாராகி, கம்பெனி ஒரு கப்பல் என்றார். முழுகும்போது எஞ்சின் ரூமில் இருப்பவனுக்கும் படகு உண்டா என்று அண்ணன் விசாரித்தார். அதற்கடுத்த வருஷம் மேனேஜர் எதையும் எதோடும் ஒப்பிடாமல் பேசிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஊரார் சொல்லில் ஒளிந்திருக்கும் அரசியலைப் பிடிக்கத் தெரிந்த மனிதர், தன் சொல்லில் தானே மாட்டிக்கொண்டார். கூலி ஒப்பந்தம் வந்த சமயம். கேட்டதில் பாதிதான் என்றது கம்பெனி; ஏற்பதா வேண்டாமா என்று தொழிலாளர்களிடம் ஓட்டெடுப்பு வைக்க முடிவானது. கேட்டதில் பாதியை இப்போது வாங்கிக்கொள்வோம், மீதிக்கு அப்புறம் பேசுவோம் என்றார் மணி. அண்ணனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு வந்தவர். கேட் மீட்டிங்கில் அண்ணன், எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட துரோகி என்று மணியைப் பற்றி முழங்கினார். கைதட்டல் பலமாக விழுந்தது.

அவருக்கு அது வாய்ப் பழக்கம். கேட்டவர்கள் நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் கேன்டீனில் மணி உட்கார்ந்ததும் அந்த பெஞ்சே காலியானது. பிறகு மணி சைக்கிள் ஸ்டாண்டில் நின்றபடி சாப்பிட ஆரம்பித்தார். ஓட்டெடுப்பு முடிந்ததும் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னார்.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. போய்ப் பேசலாம்தான், ஆனால் துரோகியோடு எப்படி டீ குடிப்பது? பக்கத்து வீடு என்பதால், மீன் ஆய்ந்துகொண்டே செல்வி அண்ணி அவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"எப்ப பாரு சண்டை சண்டைன்னுகினு கீறியே, சண்டைல நம்மாளு, எதிராளி, ரெண்டே பேருதான். மணி அண்ணனுக்கு அதுல எங்க எடம் வச்சே?"

ஓட்டெடுப்பு அன்று பீரங்கி வெடிக்கும் என்று எல்லோரும் காத்திருந்தோம். மணி கூட்டத்தின் கடைசியில், டீக்கடை ஓரமாக நின்றிருந்தார். அண்ணன் மெதுவாகத்தான் பேசினார்.

"நான் எண்ணூர் குப்பத்துல பொறந்தவன். கரைவலை இழுக்க சொல்லோ, வலையோட ரெண்டு முனைக்கும் ரெண்டு கயிறு. ஒரு கும்பல் இங்க, இன்னொண்ணு தூரமா அங்க. பாக்கறவனுக்கு எதிரும் புதிருமாத்தான் தெரியும். ஆனா வலை ஒண்ணு. கரைக்கு வர வர ரெண்டு கும்பலும் கிட்ட வரணும், இல்லாட்டி மீனு பூடும். மணி அந்தப் பக்கத்துக் கயித்துல நிக்கிறான். அவனைத் துரோகின்னேன் பாரு, அது என் தப்பு."

அப்புறமும், கேட்டதில் பாதி போதாது என்றுதான் ஓட்டுக் கேட்டார். மணி பக்கமே ஜெயித்தது. மறுநாள் மணி வேலைக்கு வந்தார். கேன்டீனில் அண்ணன் நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீ செய்தது தப்புதான் என்று சண்டை போட்டுக்கொண்டே அவர் தட்டிலிருந்த வஞ்சிரத்தில் பாதியைப் பிய்த்துக்கொண்டார். மணி தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

எத்தனையோ தடவை ஜெயித்துவிட்டு வந்த அண்ணனை எனக்குத் தெரியும். தோற்றுப்போய் மீன் தின்ற அன்றுதான் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.