படகில் வைத்த பரீட்சை

அழகுமலை சர்க்கரை இல்லாத காப்பி கேட்டிருந்தார். வந்த காப்பியிலும் சர்க்கரை இல்லை. குறை சொல்ல எதுவும் அகப்படாதது அவருடைய ஐயத்தை மேலும் வளர்த்தது.

பொன்னமராவதியில் உரக்கடை நடத்தும் அவர், புதுக்கோட்டை நகரத்துக் குளமொன்றில் கட்டி நிறுத்தப்பட்டிருந்த படகு விடுதியில், நாகராசு என்னும் பொய்ப்பெயரில் அறை எடுத்திருந்தார். அவ்விடுதியின் மேலாளன் கவியரசனுக்குத் தம் ஒரே மகளைக் கொடுப்பதாகப் பேச்சு. இதுவரை பெண்களே போய்வந்தமையால், மாப்பிள்ளை வீட்டார் எவரும் அவரைக் கண்டதில்லை. மறுநாள் இரு வீட்டாரும் முடிவு சொல்ல வேண்டும்.

"தரகர் சொன்னது அம்புட்டும் நல்லதாவே இருக்கு. அதான் இடிக்குது" என்று மனைவி செங்கமலத்திடம் கூறிவிட்டுப் புறப்பட்டிருந்தார்.

முதலில் குடிப்பழக்கம் உண்டா என்று அறிய விரும்பினார். கவியரசனை அருகழைத்து, "தம்பி, ராத்திரிக்கு ஒரு பாட்டில் கெடைக்குமா? நீங்களும் ஒக்காருங்க" என்றார்.

"இங்கிட்டு அதெல்லாம் ஆகாதுங்கய்யா. மோர் தரச் சொல்லவா?"

விடை சரியே. எனினும், பக்கத்து அறையில் தங்கியிருந்த செல்லமுத்து என்பவர் நாளிதழுக்கு மேலாக அவரை உற்று நோக்கினார். அந்த ஆள் பையனின் கூட்டாளியாக இருப்பானோ?

மதியம், பையனின் கோபத்தைச் சோதித்தார். மீன்குழம்பு நாறுகிறதென்று எவர்சில்வர் தட்டைக் குளத்தில் வீசினார். கவியரசன் மன்னிப்புக் கேட்டு வேறு தட்டுக் கொண்டுவந்தான். செல்லமுத்துவோ தம் குழம்பைத் தொட்டு நாவில் வைத்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"ஒங்களக் கேட்டேனா? ஒங்க சோலியப் பாருங்க" என்று அழகுமலை எரிந்து விழுந்தார். செல்லமுத்து கைபேசியுடன் அப்பால் சென்றார். ஐயமில்லை, கூட்டாளியேதான்.

எஞ்சியது பொறுப்புணர்ச்சி. ஆபத்து வேளையில் பையன் என்ன செய்வான் என்பதை அறியும்பொருட்டு, மாலையில் எவரும் காணாதவாறு படகைப் பிணைத்திருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார். காற்று தள்ள, படகு நகர்ந்தது, ஏறுபலகை சரிந்தது. அவ்வேளையில் தேநீர் அருந்திவிட்டுப் பலகையில் ஏறிக்கொண்டிருந்த செல்லமுத்து, வேட்டியோடு குளத்தில் விழுந்தார்.

கரையில் நின்ற கவியரசன் சட்டையுடன் குதித்தான். அவரைக் கரை சேர்த்தான். பின்னர் கயிற்றின் முனையைப் பற்றி நீந்திவந்து, படகை மீட்டுக் கட்டினான். ஒரு சுடுசொல் இல்லை.

"கயிறு நழுவிருச்சு போல. பயந்துட்டீங்களாய்யா?" என்று மட்டும் கேட்டான்.

அழகுமலையின் கண்கள் கலங்கின. உடனே மனைவியை அழைத்தார். "செங்கமலம், பையன் தங்கம். நமக்குச் சம்மதம்னு இப்பவே சொல்லிரு."

நிறைந்த மனத்துடன் அவர் கரையிறங்கியபோது, துப்புரவுப் பணியாளர் மீனம்மாள் ஈர வேட்டியொன்றைப் பிழிந்துகொண்டிருந்தார். வெற்றி பெற்றவருக்குரிய பெருந்தன்மையுடன் அழகுமலை, "பாவம், நனைஞ்சுட்டாரு. யாரும்மா அந்த ஆளு?" என்று வினவினார்.

"நம்ம கவியரசன் தம்பியோட தாய்மாமனுங்க. பொண்ணப் பெத்தவரு பேர மாத்திக்கிட்டு வேவு பாக்க வருவாரு, அவரு எப்படிப்பட்ட ஆளுன்னு பாக்கணும்னு ரெண்டு நாளா ரூம் போட்டுக் கெடக்காரு. இன்னும் அந்த மனுசன் வரக்காணோமாம், அதான் நாளைக்கு அவுக வீட்டுக்கே நேர்ல போறாராம்."