பாதி சாரும் நாலு தூக்கு மாவும்

பாதித் தலைக்கு மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆபீஸ் போன விஞ்ஞானி இந்தத் தில்லியிலேயே ஒருவர்தான். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அவருக்குப் பெயர் பாதி சார். முடி கொட்டுவது நிற்கும் என்று யாரோ ஒரு எண்ணெயைச் சொல்ல, ஒரு பக்கம் தேய்த்து ஒரு பக்கம் விட்டால்தானே தெரியும் என்று இரண்டு மாதம் அப்படியே பஸ்ஸில் போய் வந்தார். கடைசியில் இரண்டு பக்கமும் சமமாகக் கொட்டியது. மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

செருப்பும் அப்படித்தான். இடது காலில் ஒரு கம்பெனி, வலது காலில் வேறொன்று. எது முதலில் தேய்கிறது என்று பார்க்கிறாராம். கோயில் வாசலில் அவர் செருப்பை மட்டும் யாரும் தொடுவதில்லை. அவர் மனைவி சொல்வார்: "ஒப்பிட்டுப் பாக்க இன்னொண்ணு வேணும்னு கல்யாணத்தப்ப கேக்காம விட்டாரே, அதுவே பெருசு."

நான் பக்கத்தில் முனிர்காவில் இட்லி மாவு விற்கிறவன். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து மூன்று தரம் திரும்பிப் போகிற ஜாதி. எதிர் அறையில் ஸ்டெல்லா, நாகர்கோவில் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு ஜனவரிக் காலையில் டியூட்டி முடிந்து வந்தவள் எங்கள் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அண்ணே, மாவு என்னமா பொங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கண் பட்டுவிட்டது என்று பாத்திரத்தை உடனே மூடினேன். அடுத்த வாரம் பொங்கல். குவார்ட்டர்ஸ் தமிழர்களின் விழாவுக்கு இருநூறு பேருக்கு மாவு கேட்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து மாவு பொங்கவில்லை. மூன்று நாள், கல் மாதிரி இட்லி. ஒரு இந்திக்கார வாடிக்கைக்காரர், "பய்யா, இதை வச்சு வீடு கட்டலாம்" என்றார். நான் எலுமிச்சம்பழம் கட்டினேன், உப்பு சுற்றினேன். ஸ்டெல்லாவைப் பார்த்தால் கதவைச் சாத்தினேன். காரணம் அவள் காதுக்குப் போய், மாசக் கடைசியில் அறையைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள்.

மாவு வாங்க வந்த பாதி சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"கண்ணு பட்டதுக்கப்புறம் வேறென்னங்க மாத்துனீங்க?"

"ஒண்ணுமே மாத்தல சார். அந்தப் பொண்ணு கண்ணுல படக் கூடாதுன்னு பாத்திரத்தை மட்டும் பின்னாடி பால்கனிக்கு மாத்தினேன்."

"இந்தக் குளுர்லயா?"

"ஆமா சார். அங்க வச்சும் விடலையே, அவ்வளவு பவர் அந்தக் கண்ணுக்கு."

அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பிறகு நாலு எவர்சில்வர் தூக்கு கேட்டார். நாலிலும் ஒரே மாவு. இரண்டு பால்கனியில், இரண்டு உள்ளே ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை சுற்றி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மட்டும் ஸ்டெல்லா கண் வைக்க வேண்டும். அவளை அழைத்து வர வேண்டியவன் நான்.

அவள் கதவைத் தட்டினேன். "ஏம்மா, கொஞ்சம் வந்து கண்ணு வச்சிட்டுப் போகணும்."

"கண்ணு எப்படிண்ணே வைக்கணும்? நர்ஸிங்ல அத சொல்லித் தரலியே." சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவள் குரல் இறங்கிவிட்டது. "ஒங்க பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்பல்லாம் இந்தக் கண்ணுதான பாத்துச்சு?"

ஆனாலும் வந்தாள். தூக்கைத் திறந்து, "ஆகா, என்ன மாவு, என்ன வெள்ளை" என்று வஞ்சனை இல்லாமல் புகழ்ந்தாள். இன்னும் கொஞ்சம் பொறாமையாகச் சொல்லும்படி பாதி சார் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை மூவரும் திறந்து பார்த்தோம். பால்கனித் தூக்கு இரண்டும் செத்துக் கிடந்தன, கண் வைத்ததும் வைக்காததும். ரஜாய்க்குள் இருந்த இரண்டும் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றன. ஒரு தடவை பார்த்தது போதாது என்று பாதி சார் இன்னொரு நாளும் செய்யச் சொன்னார். ஸ்டெல்லா தூக்கக் கண்ணோடு இன்னொரு நாளும் வந்தாள். அதேதான் நடந்தது.

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"முதல்ல எனக்கு அந்த இட்லியக் குடுங்கண்ணே, பசிக்கி" என்றாள். அன்று மாலையே காலி செய்யவில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். பொங்கலன்று இருநூறு பேரும் சாப்பிட்டார்கள்.

வெட்கம் மட்டும் எனக்குப் போகவில்லை. என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று பாதி சாரைக் கேட்டேன்.

"எங்க லேப்ல மிஷின் நின்னாலும் யாரு தொட்டதுன்னுதானுங்க மொதல்ல கேப்போம். என்ன மாறுச்சுன்னு அப்புறந்தான் கேப்போம். பயந்தா எல்லாரும் மொதல்ல ஆளத்தான் தேடறோம்" என்று சொல்லிவிட்டு, குறித்து வைத்திருந்த நோட்டை என் பக்கம் திருப்பினார். மேலே 'சோதனை செய்தவர்கள்' என்று போட்டு, ஸ்டெல்லா, சண்முகம் என்று எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, பொடி எழுத்தில், 'உதவி' என்று தன் பெயர்.

அவர் ரிடையராகி கோயம்புத்தூர் போய்விட்டார். எட்டாவதோடு படிப்பை விட்ட என் பெயர் ஒரு விஞ்ஞானியின் நோட்டில் அவர் பெயருக்கு மேலே இருக்கிறது. அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மனசு படபடக்கிற நாட்களில் அதைப் பெரிசாக்கி, கீழே இருக்கும் அந்தப் பொடி எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.