சீஃப் ஆகப் புறப்பட்ட வெண்டல்

ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டுவது என்று வெண்டல் ஸ்டோக்லி முடிவு செய்ததற்குக் காரணம் ஒரு நாற்காலி.

டேல்வில் ஊரில் பாதிப் பேர் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்கள். மீதிப் பாதி அவர்களுடைய காருக்கு டயர் மாற்றுகிறவர்கள். வெண்டல் இரண்டாவது பாதி. படைத்தளத்துப் பயிற்சி ஹெலிகாப்டர்கள் காலையிலிருந்து கூரையை உரசிக்கொண்டு போகும். அந்த ஊரில் எவர் வீட்டுச் சுவரிலும் படம் நேராகத் தொங்கியதில்லை.

அன்றைக்கு அடுத்த வீட்டு ஹோபார்ட் க்ரீல், ஓய்வு பெற்ற பைலட், டயர் கடைக்கு வந்தார். ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டுகிறவரை ஊர் 'சீஃப்' என்றுதான் கூப்பிடும். முதலாளி ஓடிப்போய் நாற்காலி போட்டார். "வாங்க சீஃப், உட்காருங்க!" என்றார். அதே வாயால் வெண்டலிடம், "ஏய், அந்த ஜாக்கை எடு" என்றார். இதுவாவது பழகிப்போன விஷயம். பேச்சுவாக்கில் க்ரீல் சொன்ன சேதிதான் வெண்டலை நிமிர வைத்தது. அந்த மனிதர் கல்லூரி வாசலையே மிதித்ததில்லையாம்!

வறுத்த வெண்டைக்காயும் சோள ரொட்டியும் மேசைக்கு வந்தபோது வெண்டல் மனைவியிடம் விஷயத்தை உடைத்தான்.

"ராமோனா, நான் ஹெலிகாப்டர் ஓட்டப் போறேன்."

"ரொட்டி வேணுமா?"

"விளையாட்டுக்குச் சொல்லலை. காலேஜ் படிப்பே வேணாமாம். பள்ளிக்கூடம் முடிச்சிருந்தாப் போதும். ஒரு பரீட்சை, ஒரு டாக்டர், அப்புறம் தேர்வுக் குழு சரின்னு சொல்லணும். அவ்வளவுதான்!"

"தூண்டிலுக்குச் சுவர்க்கோழி வளர்த்து விக்கறேன்னப்பவும் அவ்வளவுதான்னே. அதுங்க இன்னும் கட்டிலுக்கு அடியில கச்சேரி பண்ணுது."

"பூச்சி வேற, ஹெலிகாப்டர் வேற."

"ஆமா. பூச்சி தானா பறக்கும்."

ராமோனா கோழி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நிற்பவள். கத்தி அவள் கையில் மட்டும் இல்லை, நாக்கிலும் உண்டு. ஆனால் அன்றைக்கு அவள் அதற்கு மேல் வெட்டவில்லை. ரொட்டியை மென்றபடி அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். கால் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

"சரி, படி. ஆனா மனசுக்குள்ள படிக்காதே, உனக்கு நிக்காது. எனக்குச் சொல்லிச் சொல்லிப் படி."

ஒன்பது வருஷக் கல்யாணத்தில் அவள் 'சரி' என்று சொன்னதை அவன் விரல்விட்டு எண்ணிவிடுவான். மறுநாளே அவள் பீச் பழம் வைத்து 'பை' பலகாரம் சுட்டு க்ரீல் வீட்டுக்கு எடுத்துப் போனாள். தனக்காகச் சிபாரிசு பிடிக்கத்தான் போகிறாள் என்று அவன் உருகிப் போனான்.

படிப்பு தொடங்கியது. அவள் பட்டாணி உரிப்பாள். அவன் உரை நிகழ்த்துவான்.

"மேல விசிறி இந்தப் பக்கம் சுத்தினா உடம்பு அந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும். அதைப் பிடிச்சு நிறுத்தத்தான் வால்ல ஒரு சின்ன விசிறி. அதை ஓட்டறது கால் மிதி. புரியுதா?"

"புரியாம என்ன? நீ மேல சுத்துவே. நான் வாலைப் பிடிச்சு நிறுத்துவேன்."

பரீட்சையில், சிக்கலான கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும் உருவத்தைக் கண்டுபிடிக்கும் பகுதி ஒன்று உண்டு. வெண்டல் கண்ணைச் சுருக்கிப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்புவதற்குள், ராமோனா பட்டாணி ஒட்டிய விரலால் தொட்டுவிடுவாள். கறிக்குள் எலும்பு எங்கே என்று நாளெல்லாம் தடவிப் பார்க்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா?

பரீட்சை நெருங்க நெருங்க அவனுக்கு உதறல் எடுத்தது. அதை வாழ்நாளில் இரண்டே முறைதான் எழுத விடுவார்கள். இரண்டும் போனால் ஆகாசம் போச்சு.

"நீயும் கூட எழுதேன், ராமோனா. துணைக்கு."

"நானா? எனக்கெதுக்குப்பா இந்த வேண்டாத வேலை?"

"பக்கத்துல நீ இருந்தா தைரியமா இருக்கும். அதோட, எவ்வளவு கஷ்டம்னு உனக்கும் தெரியட்டுமே!"

இரண்டு நாள் கெஞ்சினான். பாத்திரம் கழுவினான். கட்டிலுக்கு அடியில் புகுந்து சுவர்க்கோழி பிடித்தான். மூன்றாம் நாள் அவள் பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தாள்.

இருவரும் தேறினார்கள். அவள் மதிப்பெண் கூடுதல் என்பதை வெண்டல் பொருட்படுத்தவில்லை. துணைக்கு வந்தவள்தானே!

அடுத்தது ராணுவ டாக்டர். தேறிய இருவருக்குமே அழைப்பு வந்தது. முதலில் வெண்டலைச் செருப்பைக் கழற்றி, சுவரோடு முதுகை ஒட்டி நிற்கச் சொன்னார். தரையிலிருந்து தொடை முடியும் இடம்வரை அளந்தார். திரும்ப அளந்தார். வெண்டல் மெல்லக் குதிகாலைத் தூக்கினான்.

"குதிகாலை இறக்குங்க தம்பி. கால் இன்னும் ரெண்டு விரல் நீளமா இருக்கணும். மிதி எட்டாது."

"சீட்டை முன்னால தள்ளிக்கறேனே?"

"ஹெலிகாப்டரையே தள்ளினாலும் எட்டாது. அடுத்து, யாரு... ராமோனாவா? வாங்கம்மா. அடடா, நல்ல கால்!"

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். வெண்டலுக்குக் காலின் நீளமே தெரிந்திருக்கவில்லை. நேராக க்ரீல் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினான்.

"சீஃப், முதல்லயே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"கால் அளவு எவ்வளவு வேணும்னு உன் பொண்டாட்டி அன்னிக்கே கேட்டுட்டுப் போனாளே. பீச் பை கொண்டு வந்தாளே, அன்னிக்கு."

வீட்டுக்குள் புயலாக நுழைந்தான்.

"தெரிஞ்சுக்கிட்டே என்னைப் படிக்க விட்டியா?"

"ஒன்பது வருஷமா உன் பேண்ட்டையெல்லாம் வெட்டி மடிச்சுத் தைக்கிறவ நான். தெரியாமப் போகுமா?"

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ படிச்சிருப்பியா? நீ படிக்கலைன்னா எனக்கு யாரு சொல்லிக் குடுப்பா?" ராமோனாவின் குரல் இறங்கியது. "ஆலையில நின்னு நின்னு ராத்திரி விரல் மடங்க மாட்டேங்குது, வெண்டல். சாப்பாட்டு வேளையில வெளிய வந்தா ஹெலிகாப்டருங்க தலைக்கு மேல போகும். நீ உன் ஆசையை வாய்விட்டுச் சொன்னே. நான் சொன்னதில்லை, அவ்வளவுதான்."

வெண்டல் அந்த மடங்காத விரல்களைப் பார்த்தான். பட்டாணிக் கூடையை இழுத்துவைத்துத் தானே உரிக்க ஆரம்பித்தான்.

தேர்வுக் குழு அவளைத் தேர்ந்தெடுத்தது. முதல் பயிற்சிக்கு வெளியூர் போய், பறக்கப் பழகச் சொந்த ஊருக்கே திரும்பி வந்தாள். அவளுடைய பைலட் உடுப்பின் கால் இரண்டு விரல் நீளமாக இருந்தது. வெண்டல் மடித்துத் தைத்தான். பயிற்சி முடிந்த விழாவில், அங்கே வழக்கப்படி, வீட்டுக்காரனான அவனே அவள் நெஞ்சில் பைலட்டுக்கான வெள்ளிச் சிறகுச் சின்னத்தைக் குத்திவிட்டான். ஊசி தன் விரலில் ஏறியதால் அழுதேன் என்று இன்றைக்கும் சாதிக்கிறான். யாரும் நம்பவில்லை. அழுததில் பாதி பெருமை, பாதி பொறாமை.

மறுவாரம் ராமோனா காருக்கு டயர் மாற்ற வந்தாள். முதலாளி ஓடிப்போய் நாற்காலி போட்டார்.

"வாங்க சீஃப், உட்காருங்க!"

பிறகு திரும்பினார்.

"ஏய் சீஃப் புருஷா, அந்த ஜாக்கை எடு."