அச்சுப் பிசகாத வம்சம்

கடையில் ஒரு வெள்ளை எலி ஒரு டீ விலை. ஆனால் பேராசிரியையின் ஆய்வுக்கூடத்தில் இடது அலமாரி முதல் பெட்டியில் இருந்த வெள்ளை எலிக்கு விலையே கிடையாது. முப்பத்தோரு தலைமுறையாக அண்ணனையும் தங்கையையுமே ஜோடி சேர்த்து, ரத்தத்தில் கடுகளவு வித்தியாசம் இல்லாமல் ஆக்கிய வம்சம். இடது அலமாரி வம்சத்துக்குச் சர்க்கரை நோய் வரும். வலது அலமாரி வம்சத்துக்கு வராது. கொஞ்ச காலமாக இரண்டுக்கும் மாறி மாறி வந்தது. 'மிகச் சிக்கலான குணம்' என்று பேராசிரியை கட்டுரைமேல் கட்டுரை எழுதினார்.

அந்த விலையில்லாத எலியைத்தான் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர், மூடியைச் சரியாக அழுத்தாமல், தொலைத்திருந்தார்.

வேலை போனால் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? ஓடிப்போய் டீ விலைக்கு ஒன்றை வாங்கி வந்து பெட்டியில் விட்டார்.

"என்ன சார், பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் கூட்டுகிற அக்கா.

"உங்க வேலையப் பாருங்கக்கா."

"பாக்கத்தான் செய்றேன். அண்ணன் தங்கச்சிக்கு ஜோடியாம்! கண்றாவி."

மறுநாள் தொலைந்த எலி தீவன மூட்டைக்குப் பின்னால் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. பிடித்தார். கடை எலியை வெளியே எடுத்தார். கைக்கொன்றாக இரண்டும் இருக்கும்போது வாசலில் பேராசிரியையின் செருப்புச் சத்தம். பதறி, இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு மூடினார்.

அப்புறம் திறந்து பார்த்தால் ஒரே அச்சு. எது விலையில்லாதது, எது டீ?

ஒன்று விரலைக் கடித்தது. கடைச்சரக்குக்குத்தான் இந்தத் திமிர் என்று அதைப் பின்பக்கப் புதரில் விட்டார். திரும்பி வந்து கை கழுவும்போதுதான் விரலின் பழைய தழும்புகள் கண்ணில் பட்டன. இந்த வம்சமே கடிக்கிற வம்சம்.

வேறு வழியில்லாமல், மிஞ்சியதைப் பக்கத்துப் பெட்டித் தங்கையோடு ஜோடி சேர்த்தார். மூன்று வாரத்தில் குட்டிகள் பிறந்தன.

"முப்பத்திரண்டாவது தலைமுறை!" பேராசிரியை பூரித்துப் போனார். "இதை வெச்சுத்தான் பெரிய கட்டுரை எழுதப்போறேன்."

காப்பாளர் பெட்டி மூடியை இந்தத் தடவை நன்றாக அழுத்தி மூடினார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பேராசிரியை தீவன மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினோரு வருஷம்யா. நான் கல்யாணம் பண்ணிக்கலை, இதுங்களுக்குப் பண்ணி வெச்சேன். ஒரே கலப்புல எல்லாம் போச்சு. நாளைக்கு அறையைப் பூட்டிடலாம். நீங்களும் வேற வேலை பாத்துக்குங்க."

கூட்டுகிற அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"ஒரு எலி மாறினதுக்கா இந்த ஒப்பாரி? மனசு கேக்காம, வந்த நாள்லேர்ந்து எதிர் அலமாரியிலேர்ந்து மாப்பிள்ளை எடுத்து மாத்தி வெச்சுக்கிட்டிருக்கேன். இதுவரைக்கும் பதினேழு கல்யாணம்! தரகுன்னு ஒரு காசு கேட்டிருப்பேனா?"