கோடு நகர்ந்தால் வரப்பு நகரும்

நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு மூன்று சுவருக்குள்ளேயே பிறந்துகொண்டிருந்தன. அப்படிப் பிறக்கக் கூடாது. கொதிக்கும் பிளாஸ்மாவுக்குள் பிறந்து, பிறகுதான் சுவரில் போய் முட்ட வேண்டும். அந்த அணு இணைவு உலை இன்னும் கட்டப்படவேயில்லை, கணினிக்குள் மட்டும்தான் இருக்கிறது. இருந்தாலும் அதற்கும் ஒரு முறை உண்டல்லவா?

திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்தில், வயலைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜெக்கரியா அந்தப் பிளாஸ்மாவை மென்பொருளில் அமைத்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி சென்னை, மேன்ஷன், மெஸ் சாப்பாடு.

பால் ஊற்ற வந்த அம்சம் ஜன்னல் வழியே திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன படம் தம்பி இது?"

"மஞ்சள் நம்ம பக்கம்க்கா. பச்சை அவங்க பக்கம்." மஞ்சள் என்பது பிளாஸ்மா. பச்சை என்பது சுவர், அது வேறொரு குழுவின் பொறுப்பு. "நடுவுல கோடு எங்க வரணும்னு நான்தான் முடிவு பண்ணணும்."

சொல்லிக்கொண்டே கோட்டைப் பச்சைக்குள் ஒரு நூல் தள்ளினான். கம்ப்யூட்டரில் படம் போட்டால் அது சர்க்கார் வேலை என்பது அந்த ஊரின் நினைப்பு. அம்சம் வாயைப் பிளந்தபடி போனாள்.

மாலையில் வெளியே வந்தவனுக்குத் திக்கென்றது. அவர்கள் வயலுக்கும் வீரையன் வயலுக்கும் நடுவிலிருந்த வரப்பு ஒரு சாண் வீரையன் பக்கம் நகர்ந்திருந்தது.

அப்பா ஆசீர்வாதமும் வீரையனும் நிலம் கேட்டு ஒன்றாகக் கொடி பிடித்தவர்கள், ஒன்றாகச் சிறைக்குப் போனவர்கள். நில உச்சவரம்புச் சட்டத்தில் ஆளுக்கு ஓர் ஏக்கர் கிடைத்த அன்றிலிருந்து, இந்த வரப்பால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"வரப்பு நகர்ந்திருக்கேப்பா?"

"எல்லாம் உன் கையிலதானேடா இருக்கு!" அப்பா ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

மறுநாள் கணக்கில் சுவர் அளவுக்கு மீறிச் சூடேறியது. கோட்டை மஞ்சளுக்குள் இரண்டு நூல் இழுத்தான். அம்சம் பால் ஊற்றிவிட்டுப் போனாள். மாலையில் பார்த்தால் வரப்பு இரண்டு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தது. வீரையன் வீட்டிலிருந்து ஒரு சீப்புப் பூவன் பழம் வந்தது. அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"பெத்த அப்பனுக்கே இப்படிப் பண்ணிட்டியேடா."

"நான் என்னப்பா பண்ணினேன்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மூன்றாம் நாள் சோதித்துவிடுவது என்று, கோட்டை ஓரிடத்தில் வேண்டுமென்றே வளைத்து வைத்தான். பால் ஊற்ற வந்த அம்சம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போனாள். வளைவில் விழுந்த இடைவெளிக்குள் நியூட்ரான்கள் காணாமல் போயின. அது போகட்டும். மாலையில் வரப்பும் அதே இடத்தில் வளைந்திருந்தது. சேறு ஈரமாக மினுங்கியது. சுற்றுவட்டாரத்தில் ஒரு ஆள் இல்லை. தவளைகூடக் கத்தவில்லை. திரையில் மஞ்சள் பிளாஸ்மாவின் பிறை வடிவமும் வாய்க்கால் வளைவில் கிடந்த வயலின் வடிவமும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை பயத்தில் கோட்டையே அழித்தான். அம்சம் தூக்குவாளியோடு நின்று வெகுநேரம் திரையைப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று நடையைக் கட்டினாள்.

மாலையில் வரப்பே இல்லை. இரண்டு வயலும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. அந்தக் கோடியில் வீரையன், இந்தக் கோடியில் அப்பா. இரண்டு பேரும் இவனுடைய ஜன்னலையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள்.

வெள்ளி காலை ஒருவழியாகக் கணக்கு ஒத்துவந்தது. கோடு இருக்க வேண்டிய இடம் மஞ்சளுக்குள் அரை நூல். அங்கே வைத்தால் எல்லா நியூட்ரானும் ஒழுங்காகப் பிறக்கும், வேலை நிரந்தரமாகும். ஆனால் அப்பா சிறைக்குப் போய் வாங்கிய மண்ணில் ஒரு துண்டு வீரையனுக்குப் போய்விடும். எந்தப் பேய் இப்படி அளந்து வெட்டுகிறதோ! சுட்டியைத் தொட்டவன் கையை எடுத்துக்கொண்டான்.

"என்ன தம்பி யோசனை?" ஜன்னலில் அம்சம்.

"அக்கா, இந்தக் கோட்டை வைக்கவே பயமா இருக்கு."

"சீக்கிரம் வைங்க தம்பி! எந்தப் பக்கம்னு நான் போய்ச் சொன்னாத்தானே, ரெண்டு வீட்டுலயும் மம்பட்டியத் தூக்குவாங்க!"