அந்தோணியார் பவனியில் போன கம்ப்யூட்டர்

பூட்டுக்கு ஒரு தர்மம் உண்டு. பொருள் யாருடையதோ, சாவி அவன் கையில் இருக்க வேண்டும். நாகல் நகரில் பூட்டும் கீலும் விற்றுப் பிழைக்கிறவன் நான். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. அப்படிப்பட்ட என்னிடமே, என் பொருளை எனக்கு எதிராகப் பூட்டிவிட்டு, சாவி என்று ஒன்றைச் செய்யாமலே விட்ட ஒரு புண்ணியவான் இருக்கிறான். அவன் யார், எந்த நாட்டுக்காரன் என்று எனக்குத் தெரியாது. பூசையில் 'எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல' என்று சொல்லும்போது ஒவ்வொரு ஞாயிறும் அவன் ஞாபகம் வந்து எனக்கு நாக்கு கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறது. (ஆண்டவர் மன்னிக்கட்டும். அவனை இல்லை, என்னை.)

செல்போனில் பாட்டு கேட்கிற காலத்துக்குக் கொஞ்சம் முந்திய கதை. அந்த வருசம் எங்கள் பங்குக் கோயிலின் அந்தோணியார் திருவிழாவுக்கு, ஞானபாடம் சொல்லித்தரும் உபதேசியார் ஒரு புதுப்பாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தார். முன்பாட்டு பாடுகிறவள் என் மனைவி ஜெசிந்தா. அவள் குரலைப் பற்றி நான் சொன்னால் புருசன் சொல்கிறான் என்பீர்கள். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்தப் பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து, பவனி அன்று தேருக்கு முன்னால் போகிற மைக்செட் வண்டியில் தெருத்தெருவாகப் போடுவது என்று முடிவானது.

ஜெசிந்தாவுக்கு அதில் ஒரு ஆசை இருந்தது. அவளுடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து மேட்டுத் தெரு வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். கோயிலுக்கு வர வழியில்லை. தேர் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போகும்.

"அம்மா காதுல எம் பாட்டு விழுந்துட்டாப் போதுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்று ஒரு மாதமாக அவளுக்கு இதே பேச்சு.

பதிவு செய்யும் பொறுப்பை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். காரணம், சிங்கப்பூரில் இருக்கிற என் மச்சினன் பிரகாசம் அனுப்பியிருந்த மினிடிஸ்க் ரெக்கார்டர். சோப்பு டப்பாவில் பாதி இருக்கும். அதற்குள் ஒரு சதுரப் பிளாஸ்டிக் கூடு, கூட்டுக்குள் மினுங்குகிற சின்னத் தட்டு. கூடவே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மைக், ஒரு ஒயர், கம்ப்யூட்டரில் போட ஒரு சிடி. இரைச்சலே இல்லாமல் பதியும், எல்லாம் டிஜிட்டல் என்று பிரகாசம் போனில் சொன்னான். டிஜிட்டல் என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாத வார்த்தையை ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னேன். பூட்டு வாங்க வந்தவர்களிடம்கூடச் சொன்னேன்.

மைக்செட் ராயப்பன் நல்ல மனுசன். "எதுக்கும் ஒரு கேசட்டுலயும் பிடிச்சு வச்சுக்குவோமாண்ணே?" என்று கேட்டான். நான் அவனை, ராக்கெட் விடுகிற இடத்துக்கு மாட்டு வண்டியோடு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தேன். அவன் ஒயரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கோயிலுக்குள் மின்விசிறிகளை நிறுத்திவிட்டுப் பதிவு. முதல் தடவை மிசின் மேலே இருந்த சின்னப் பொத்தான் பூட்டு நிலையில் இருந்தது; ஒன்றும் பதியவில்லை. (ஆமாம், அந்த மிசினிலும் ஒரு பூட்டு. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.) இரண்டாம் தடவை மைக்கை, காதில் மாட்டுகிற ஒயருக்கான ஓட்டையில் சொருகியிருந்தேன். மூன்றாம் தடவை நானே இருமினேன். நான்காம் தடவை அருமையாக வந்தது. ஆனால் பாட்டு முடிந்ததும் அந்த மிசின் உள்ளுக்குள் கணக்கப்பிள்ளை மாதிரி ஏதோ எழுதி முடிக்குமாம். அதற்குள் பேட்டரி சுடுகிறதா பார்ப்போம் என்று கழற்றிவிட்டேன். எல்லாம் போச்சு. ஐந்தாம் தடவை கோயில் மணி, ஆறாம் தடவை ஆட்டோ ஹாரன். ஏழாம் தடவை ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பாடகர் குழுப் பெண்கள் பின்பாட்டை மறந்து அவளையே பார்த்து, பிறகு சுதாரித்துப் பிடித்தார்கள். மிசினைக் காதில் வைத்துக் கேட்டபோது எனக்கே மேலெல்லாம் புல்லரித்தது.

ஞாயிறு காலை எழுந்தால் ஜெசிந்தாவுக்குக் குரல் இல்லை. எண்ணெய் காணாத கீல் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. திருவிழாவுக்கு முந்திய நவநாள் ஜெபத்தில் ஒன்பது நாளும் பாடியது, அதன்மேல் என் புண்ணியத்தில் ஏழு தடவை. "பரவால்லங்க, அதான் பிடிச்சாச்சுல்ல" என்று சைகையிலேயே சொன்னாள். பவனியோ அன்றைக்குச் சாயங்காலமே.

பூசை முடிந்ததும் மிசினை எடுத்துக்கொண்டு மணிவண்ணன் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பிரகாசம் சொன்னபடி சிடியைப் போட்டு, ஒயரை மாட்டி, பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அங்கிருந்து ராயப்பனுக்கு ஒரு சிடி. அவ்வளவுதான். மணிவண்ணன் ஏற்றினான். நடுவில் திரையில் இங்கிலீசில் நாலு வரி வந்தது. "என்னப்பா கேக்குது?" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்ணே" என்று சொல்லி ஓகேயை அமுக்கினான்.

பாட்டு கம்ப்யூட்டருக்குள் போனது. போனது என்றால் முழுசாகப் போனது. மிசினில் இருந்த பாட்டு காணோம். சரி, பத்திரமாக ஏறிவிட்டது என்று நினைத்தோம். சிடி போடப் போனால், இந்தப் பாட்டுக்கு அனுமதி இல்லை என்றது. வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பார்த்தால் அங்கே பாடமாட்டேன் என்றது. சரியப்பா, மிசினுக்கே திருப்பிக் கொடு என்று கேட்டோம். வந்தது வந்ததுதான் என்றது. ஆக, ஜெசிந்தாவின் பாட்டு இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் பாடும்: மணிவண்ணன் கடையில், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில்.

சிங்கப்பூருக்குப் போன் போட்டேன்.

"அந்த சாப்ட்வேர் அப்படித்தான் மச்சான். பாட்டைத் திருடக் கூடாதுன்னு பூட்டு வச்சிருக்கான்" என்றான் பிரகாசம்.

"யாருலே திருடன்?" என்றேன். "பாடுனது எம் பொண்டாட்டி. பாட்டு எழுதுனது எங்க உபதேசியாரு. கோயிலு எங்க கோயிலு. இருமுனதுகூட நான்தான்லே. இதுல எவன் வீட்டுக் கதவை நான் ஒடச்சேன்?"

எங்கள் ஊரில் பத்தாவது பெயிலான ஆசாரிகூட, வீட்டுக்காரனையே வெளியே வைத்துப் பூட்டுகிற பூட்டைச் செய்யமாட்டான். செய்தால் மறுநாள் அவன் பட்டறை வாசலில் ஊர் கூடிவிடும்.

விசயம் கேள்விப்பட்டு ராயப்பன் வந்தான். பாவம், இப்போதும் அவன் நல்லதுதான் சொன்னான். கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் ஒயரை எடுத்து டேப்பில் மாட்டினால் ஐந்து நிமிசத்தில் கேசட்டில் பிடித்துவிடலாம் என்றான்.

இந்த இடத்தில்தான், அன்பர்களே, நான் அந்த வெளிநாட்டுக்காரனை மட்டும் குறை சொல்ல முடியாமல் தவிக்கிறேன். ராயப்பன் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மாதமாக டிஜிட்டல் டிஜிட்டல் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் கேசட்டா?

"இரைச்சல் வரும். வேணாம்" என்றேன். "கம்ப்யூட்டரையே வண்டியில ஏத்து."

மணிவண்ணன் அழாத குறை. அவனை ஒருவழியாகச் சரிக்கட்டி, சாயங்காலம் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரை மினி லாரியில் மைக்செட்டுக்குப் பக்கத்தில் ஏற்றினோம். சூடு தாங்காது என்று அதன் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றியே வைத்திருப்பது அவன் வழக்கம். டிவிப் பெட்டி மாதிரி இருந்த திரை வெறுமனே நீலமாக இருப்பது பவனிக்கு நன்றாக இல்லை என்று எனக்குப் பட்டது. குழந்தை சேசுவைக் கையில் ஏந்திய அந்தோணியார் படத்தைத் திரை முழுக்க வைக்கச் சொன்னேன். பாடகர் குழுப் பெண்கள் திரைக்கு ஒரு மல்லிகைச் சரம் சாத்தினார்கள். ராயப்பன் சுற்றிலும் சீரியல் பல்பு கட்டினான். பங்குச் சாமியார் வண்டிகளை மந்திரித்து ஆசீர்வதிக்கத் தீர்த்தச் செம்போடு வந்தபோது மணிவண்ணன் பாய்ந்து கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போர்த்தினான். வேற்று மதத்துக்காரன் இப்படிப் பக்தியாகத் துண்டு போர்த்துகிறானே என்று சாமியார் நெகிழ்ந்து அவன் தலையிலும் சேர்த்துத் தெளித்தார்.

வண்டி புறப்பட்டது. பாட்டு ஆரம்பித்தது. நாலு கொம்பு ஸ்பீக்கரிலும் ஜெசிந்தாவின் குரல் தெருவை நிறைத்தது. தேருக்குப் பின்னால் ஜெபமாலையோடு நடந்துகொண்டிருந்தவளை நான் லாரி மேலிருந்து எட்டிப் பார்த்தேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தாள். இரண்டு தெரு வரைக்கும் நான் இந்த மண்ணில் நடக்கவில்லை. (லாரியில் நின்றதால் மட்டும் அல்ல.)

எங்கள் தேர்பவனியில் ஒரு வழக்கம் உண்டு. நோய்நொடி உப்பாய்க் கரைய வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, உப்பும் மிளகும் கலந்து தேர் மேல் வீசுவார்கள். நானே வருசா வருசம் வீசுகிறவன்தான். ஆனால் அன்றைக்கு அது என் மூளையின் எந்த மூலையில் போய் ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. மூன்றாவது தெருவில் இருட்டத் தொடங்கிய நேரம். தேர் இன்னும் பின்னால் வந்துகொண்டிருந்தது. முன்னால் மல்லிகைச் சரத்தோடு, சுற்றிலும் விளக்கோடு, ஒளி வீசுகிற அந்தோணியார் ஒருவர் லாரியில் வருகிறார். சனங்கள் என்ன செய்வார்கள்? கும்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டு, கை நிறைய அள்ளி வீசினார்கள்.

"இங்க போடாதீக, தேர்ல போடுங்க" என்று மணிவண்ணன் கத்தினான். அவன் சத்தம் ஜெசிந்தாவின் பாட்டில் அமுங்கிப்போனது. ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக் காட்டி, அதன் கையாலேயே ஒரு பிடி போட வைத்தார். திறந்து கிடந்த பெட்டிக்குள் உப்பு சரசரவென்று இறங்கியது. உள்ளே சுற்றிய விசிறி மிளகைத் தூளாக்கி எங்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது. ராயப்பன் தும்மினான், நான் தும்மினேன், இரண்டு தும்மலும் மைக்கில் போனது. 'டப்' என்று ஒரு சத்தம். தீய்ந்த நாற்றம். திரையில் அந்தோணியார் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தார்.

தெரு அமைதியாகிவிட்டது. அடுத்த திருப்பம் மேட்டுத் தெரு.

தொலைந்த பொருளையெல்லாம் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோணியார். அவர் பவனியிலேயே, அவர் கண் முன்னாலேயே தொலைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கேசட் என்ற வார்த்தையை ராயப்பன் வாயால் சொல்லாமல் இருந்தானே, அந்தப் பெருந்தன்மையை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். அவன் கண் மட்டும் சொன்னது.

லாரியின் பின்பக்கம் ஆடியது. பார்த்தால் ஜெசிந்தா ஏறி வருகிறாள். மைக்குக்காக ராயப்பனிடம் கையை நீட்டினாள்.

"தொண்டை போயிரும் ஜெசிந்தா" என்றேன்.

"போனாப் போகுது. அம்மா முழிச்சிருக்கும்."

பாடினாள். துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்து இழுத்துத் திறப்பது மாதிரி ஒரு குரல். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது வெறும் காற்றுதான் வந்தது. அந்த இடங்களைப் பின்னால் நடந்த பெண்கள் எடுத்துப் பாடினார்கள். மேட்டுத் தெரு ஜன்னல் வந்தது. கம்பிக்கு வெளியே ஒரு கை, ஒரு கர்ச்சீப்பை ஆட்டிக்கொண்டே இருந்தது. நாங்கள் தெருமுனை திரும்பும் வரைக்கும் ஆட்டியது.

மறுநாள் நானும் ஜெசிந்தாவும் போய் மாமியாரைப் பார்த்தோம். அத்தை சந்தோசமாகத்தான் இருந்தார். ஆனால் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, மகள் மனசு நோகக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாட்டு அம்சமா இருந்துச்சு மாப்ள. ஆனா பிரகாசம் நல்லா ஏமாந்துட்டான். எம் மக கொரலு தேனு. அந்த மிசினு அதப் புடிச்சு கரகரன்னு நாசம் பண்ணிப்புடுச்சு. மிசினு சரியில்ல மாப்ள."

ஜெசிந்தா அத்தைக்குப் பின்னால் நின்று, சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணைக் காட்டினாள். எனக்குச் சொல்லும் எண்ணமே இல்லை. மாமியார் சொன்ன ஒன்றுக்கு வாழ்நாளில் நான் அவ்வளவு மனதார ஆமாம் போட்டதில்லை.

"ஆமா அத்தை. மிசினுதான் சரியில்ல" என்றேன்.

மணிவண்ணனின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து, புதுச் சாமான் போட்டு உயிர் கொடுத்தோம். பாட்டு உள்ளேதான் இருந்தது. பெயர் தெரிந்தது, அளவு தெரிந்தது. திறக்கப் போனால், உள்ளே சாமான் மாறிவிட்டதால் இது அந்தக் கம்ப்யூட்டர் இல்லை என்றது. அதே மேசை, அதே நாற்காலி, அதே மூன்றாம் நம்பர். மூன்று முறை கேட்டோம். மூன்று முறையும், சேசுவைத் தெரியாது என்று அவர் சீடர் இராயப்பர் மறுதலித்தது போல மறுதலித்தது. அவராவது சேவல் கூவியதும் அழுதார். இது அதுவும் செய்யவில்லை. மினிடிஸ்க் மிசினின் அந்தச் சின்னத் தட்டில் இன்றைக்கும் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்றுதான். பதிவுக்கு முன்னால் நான் சோதித்துப் பார்த்த, "ஹலோ, ஹலோ, ஆரோக்கியம் பேசுறேன், கேக்குதா?" அதை மட்டும் எவனும் பூட்டவில்லை.

அதற்குப் பிறகு வருசாவருசம் திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிவில் ஒரு அறிவிப்பு வாசிக்கிறார்கள்: 'உப்பு மிளகு நேர்ச்சையைத் தேரின் மேல் மட்டும் செலுத்தவும்.' இதுவரை நான்கு சாமியார்கள் மாறிவிட்டார்கள். எவருக்கும் காரணம் தெரியாது. ஆனால் அந்த வரி வந்ததும் கோயிலில் பாதிப் பேர் திரும்பி நான் இருக்கும் பெஞ்சைப் பார்க்கிறார்கள்.

வீட்டில் அதைவிட மோசம். அத்தை கடைசி வரைக்கும் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், வெளிநாட்டுச் சாமான் வாங்கினால் பார்த்து வாங்க வேண்டும் என்று புத்தி சொல்லிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாருக்காவது சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டால் ஒருவரும் வைத்தியம் சொல்வதில்லை. போனவாரம் எனக்குக் கட்டிக்கொண்டது. கடைக்குப் புறப்படும்போது ஜெசிந்தாவிடம் வாரேன் என்றேன். அவள் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"மிசினு சரியில்ல மாப்ள."