மூன்று மணிக்குள் ஒரு நெட்டையன்

எல்லாம் கூடி வந்த நேரத்தில் முப்பது லட்சம் டாலர் இடித்தது.

பஃபலோ கூடைப்பந்து அணியின் சம்பளக் கணக்கு முழுவதும் மேக்ஸின் டூடெக்கின் தலையில்தான் இருக்கிறது. லீக் வைத்த சம்பள உச்சவரம்பை அணி எப்போதோ தாண்டிவிட்டது. ஆகவே ஆள் மாற்றிக்கொள்ளும்போது, வெளியே போகிற சம்பளத்துக்கு மேல் ஒரு டாலர்கூட உள்ளே வரக் கூடாது. மேக்ஸின் வீட்டிலும் அதே சட்டம்தான். புருஷன் வால்ட் புது சாய்வு நாற்காலி வாங்குவதற்குப் பழைய நாற்காலியோடு இரண்டு தூண்டில்களையும் பறிகொடுத்தார் என்று தெருவே பேசிக்கொண்டது.

அன்று காலை சின்சினாட்டி அணியிலிருந்து, கேட்காமலே ஃபோன் வந்தது. ஏழடி உயர பிராங்கோவைத் தருகிறோம், சம்பளம் இரண்டு கோடி டாலர் என்றார்கள். பதினோரு வருடமாக பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டப் போட்டிகள் பக்கமே போகாத பஃபலோவுக்கு அவன் வந்தால்தான் விமோசனம். ஆள் மாற்றிக்கொள்ள எல்லா அணிக்கும் லீக் வைத்த கெடு அன்று மதியம் மூன்று மணி. மேக்ஸின் இரண்டு பேரை அனுப்புவதாகச் சொல்லி, இரண்டு கோடியைச் சரிக்கட்டினாள்.

சின்சினாட்டி மேலாளரின் உதவியாளர் ஜோலீன் மறுபடி கூப்பிட்டாள். அணி மாறினால் பிராங்கோவின் சம்பளம் பதினைந்து சதவீதம் ஏறும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். அதுதான் அந்த முப்பது லட்சம்.

மேக்ஸின் மூன்றாவதாக ஒருவனையும் சேர்த்தாள்.

"மூணு பேரை எங்க உக்கார வைக்கிறது? எங்க பதினஞ்சு இடமும் ரொம்பியாச்சே" என்றாள் ஜோலீன்.

அப்படியானால் உங்கள் ஆட்கள் இரண்டு பேரை நாங்களே எடுத்துக்கொள்கிறோம். குறைந்தபட்ச சம்பளக்காரர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்றாள் மேக்ஸின். பக்கத்திலிருந்த பஃபலோ மேலாளர் ரஸ் வாய் பிளந்தான்.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"சட்டப் புத்தகத்துலதான். அறுநூறு பக்கம். கிறிஸ்துமஸ் லீவுல வேற என்ன வேலை?"

அந்த இருவரில் ஒருவன் போன மாதம்தான் சேர்ந்தான், மூன்று மாதம் ஆகாமல் நகர்த்தக் கூடாது என்று அடுத்த தகவல் வந்தது. மேக்ஸின் வேறொருவனைக் கேட்டாள். அவனுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது என்றார்கள்.

"பெஞ்சுல உக்கார மணிக்கட்டு எதுக்கு? அனுப்புங்க."

இரண்டு ஐம்பதுக்கு எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிட்டது. ரஸ் அவளெதிரே உட்காரக் கூசி நின்றுகொண்டிருந்தான். உங்கள் மேலாளர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மேக்ஸின் கூப்பிட்டாள். அவர் இன்னொரு லைனில் இருக்கிறார் என்றாள் ஜோலீன். இரண்டு ஐம்பத்தைந்துக்கும் அதே பதில். ஐம்பத்தெட்டுக்கும் அதேதான்.

மூன்று அடித்தது.

சுவரிலிருந்த டிவியில் செய்தி ஓடியது. ஒமாஹா அணியின் டெல்ராய் பிட்ஸ் சின்சினாட்டிக்குப் போகிறான். நாடே கேட்ட ஆட்டக்காரன். மேக்ஸினும் ஒரு மாதமாகக் கண் வைத்திருந்தவன். காலையிலிருந்து அவனை நினைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

ரஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். ஃபோன் அடித்தது. ஜோலீன்தான், குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மன்னிச்சுக்குங்க மேக்ஸின், பிராங்கோவைக் குடுக்குற எண்ணமே எங்களுக்கு இல்ல, நீங்க நிமிர்ந்து பாத்தா டெல்ராய் உங்களுக்குப் போயிடுவான்னு ஆறு வக்கீலை வச்சு முடிச்சு போட்டோம், நீங்க எல்லாத்தையும் அவுத்துட்டீங்க, எங்க பாஸ் பத்து நிமிஷமா பாத்ரூம்ல ஒளிஞ்சிருக்காரு."